இறக்கையில் முளைத்த நகம்

மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்தது மூன்று மாதத்துக்கு. வந்து மூன்று வருடமாகிறது.

ஆராய்ச்சி நிலையத்தின் குடியிருப்பில் ஒரு வீடு காலியாகும்வரை மாமனார் வீட்டில் இருப்பது என்று ஏற்பாடு. வீடுகள் காலியாகத்தான் செய்தன. ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளையைவிடத் தகுதியான ஒருவர் கையில் பெட்டியோடு நின்றார். "உங்களுக்குத்தான் மாமனார் வீடு இருக்கே" என்று நிலையத்து இயக்குநர் அன்போடு சொல்வார். மாமனார் வீடு இருப்பது ஒரு குற்றம் என்று மாப்பிள்ளைக்கு அதுவரை தெரியாது.

மாமனாருக்குத் தொழில், குஞ்சு பொரிப்பகம். மாப்பிள்ளைக்கு ஆராய்ச்சி, கோழிக் கரு. கல்யாணப் பேச்சின்போது இதைக் கேட்ட மாமனார், "அட, நம்ம லைனு!" என்று துள்ளினார். அவர் புரிந்துகொண்டது இதுதான்: பையன் கோழிக்கென்றே பெரிய படிப்பு படிக்கிறான், படிப்பு முடிந்ததும் பொரிப்பகத்துக்கு வந்துவிடுவான். நல்ல மனிதர். அதனால் அப்போதே பொரிப்பகத்தில் ஓர் அறையைக் காலி செய்து, கதவில் 'மேலாளர்' என்று பலகை மாட்டி, உள்ளே சுழல் நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டுவிட்டார். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றவில்லை. மாப்பிள்ளை உட்காரும்போதே அது கழற்றப்பட வேண்டும் என்பது அவர் ஆசை.

மூன்று வருடமாக அந்த உறை காத்திருந்தது.

வாரம் ஒருமுறை நிலையத்துக்குக் கருவுள்ள முட்டைகள் மாமனாரின் பொரிப்பகத்திலிருந்துதான் போகும். முதல் வாரம் முட்டை போய்ச் சேர்ந்ததா என்று கேட்க அவர் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "எங்க மாப்பிள்ளை இருக்காரா?" என்றார். எடுத்தவள், எதிர் மேஜையில் மீன் கருக்களை வைத்து ஆராய்ச்சி செய்பவள். நிலையத்தில் அவளுக்கு மீன்காரி என்று பெயர். "மாப்ள, ஒனக்குப் போனு!" என்று அவள் கத்தியது மாடிவரை கேட்டது. அன்றோடு முனைவர் பட்டம், பல்கலைக்கழகத் தங்கப் பதக்கம் எல்லாம் போய், காவலாளி முதல் இயக்குநர்வரை எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளையாகிவிட்டார்.

மாமனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. முட்டையைக் கண்டால் திருப்பிவிடுவார்.

குஞ்சு பொரிக்கிற முட்டை ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். இயந்திரம் வராத காலத்தில் காலையும் மாலையும் கையால் திருப்பித் திருப்பி முன்னுக்கு வந்தவர் அவர். இப்போது இயந்திரம் தானாகத் திருப்புகிறது. ஆனால் கை ஓய்வு பெறவில்லை. மளிகைக் கடையில் அடுக்கியிருக்கும் முட்டைகளைப் பேசிக்கொண்டே திருப்புவார். ஒருமுறை ஓட்டலில், பக்கத்து மேஜைக்காரரின் தட்டிலிருந்த அவித்த முட்டையைத் திருப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டார். "நல்ல வேளை, நான் ஒல்லியா இல்ல. இல்லாட்டி ராத்திரி என்னையும் திருப்பிப் போட்டுருப்பாரு" என்பார் மாமியார்.

மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் மக்கர் செய்தால் குடும்பமே பொரிப்பகத்துக்குக் கிளம்ப வேண்டும். மாமியார், பல் டாக்டரான மகள், மச்சான், மாப்பிள்ளை எல்லோரும் வரிசையாக நின்று கையால் திருப்ப வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு மாப்பிள்ளை திருப்பும் அழகை மாமனார் கண்கலங்கப் பார்ப்பார். "கை படிஞ்சிருச்சு பாரு" என்று மகனிடம் சொல்வார்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் மாமனார் கேட்டார்.

"மாப்ள, அந்த முட்டைய வச்சு அப்படி என்னதான் பண்றீங்க? குஞ்சும் பொரிக்க மாட்டேங்கறீங்க, ஆம்லெட்டும் போட மாட்டேங்கறீங்க."

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்டுவிட்டார். மாப்பிள்ளை தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரே ஒரு செல்லுலேர்ந்துதான் மாமா மொத்தக் கோழியும் வருது. அந்த செல்லு ரெண்டாகி, நாலாகி, கோடியாகுது. எல்லா செல்லுலயும் அதே ஜீன்தான். கண்ணுல இருக்கறதும் அதே, கால்ல இருக்கறதும் அதே."

"அப்ப காலு ஏன் பாக்க மாட்டேங்குது?"

"உங்க கண்ணே சரியாப் பாக்க மாட்டேங்குது. காலைக் கொறை சொல்றீங்களேப்பா" என்றான் மச்சான். அவன் பொரிப்பகத்தில் வண்டி ஓட்டுகிறான். வாயும் ஓட்டுவான்.

"எல்லா ஜீனும் இருக்கும். ஆனா எல்லாமே வேலை செய்யாது. கண்ணுல கண்ணுக்கு வேண்டியது மட்டும் எரியும். மத்தது அணைஞ்சிருக்கும்."

"யாரு அணைக்கறது?" என்றார் மாமியார். வீட்டில் தன்னைத் தவிர எதையாவது அணைக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது என்பது அவர் கவலை.

மாப்பிள்ளைக்கு ஒரு துணிச்சல் வந்தது.

"இந்த வீட்டையே எடுத்துக்குங்க அத்தை. எல்லாருக்கும் எல்லா விஷயமும் தெரியும். சித்தப்பா வேலைய விட்டது தெரியும். மச்சான் பரீட்சையில கோட்டை விட்டது தெரியும். மாமா சாயம் பூசறது தெரியும்."

மாமனாரின் கை தானாகத் தலைக்குப் போனது.

"ஆனா யாரு முன்னாடி எதப் பேசலாம், எதப் பேசக்கூடாதுன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கில்ல? பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தா ஒரு பேச்சு. சம்பந்தி வந்தா வேற பேச்சு. யாராவது தப்பா வாயத் தொறந்தா நீங்க ஒரு இருமல் இருமுவீங்க. அதோட அந்தப் பேச்சு அணைஞ்சிடும். அதே மாதிரி கருவுல ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு அத்தை இருக்காங்க. அவங்களுக்குப் புரதம்னு பேரு. ஜீன் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டு, நீ பேசு, நீ பேசாதேன்னு சொல்லுவாங்க. யாரு பேசறா, யாரு வாய மூடறாங்கறத வச்சுத்தான் ஒரு செல்லு கண்ணாகுது, இன்னொண்ணு காலாகுது."

 மாமியார் இருமுவதா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

"சரி அத்தை, நீங்க ஊருக்குப் போயிட்டா? அப்பவும் அந்தப் பேச்ச யாரும் எடுக்கறதில்ல. பழகிப் போச்சு. செல்லும் அப்படித்தான். நீ காலுன்னு ஒரு தடவ முடிவாயிட்டா, அப்பறம் வேற எடத்துக்குத் தூக்கிட்டுப் போனாலும் கால் ஜீன் எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். அதுக்கு எது காரணம்னுதான் பாக்கறேன். சின்னக் கருவோட தொடையிலேர்ந்து ஒரு துணுக்கு எடுத்து, இன்னொரு கருவோட இறக்கை நுனியில வைக்கப் போறேன்."

மாமனார் கையை உதறினார். "இதுக்கா மூணு வருசம்? இறக்கையில வச்சா இறக்கையாத்தான் ஆகும். எந்த எடத்துக்கு வந்தமோ அந்த எடத்துக்குத் தக்கன மாறிக்கணும். அதான் புத்தி. என்ன மாப்ள?"

அவர் இறக்கையைப் பற்றிப் பேசவில்லை என்பது மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மேலாளர் அறையும் உறை போட்ட நாற்காலியும் சாப்பாட்டு மேஜைக்கு நடுவில் வந்து நின்றன.

"மாறாது மாமா."

"அப்ப தொடையாவே இருக்குமா?"

"அதுவும் இல்ல. நான் காலுங்கறத மறக்காது. ஆனா, நீ இப்ப நுனியில இருக்கேன்னு பக்கத்துல இருக்கற செல்லுங்க சொல்றத மட்டும் கேட்டுக்கும். காலோட நுனி என்ன? விரலு. இறக்கை நுனியில கால் விரல் முளைக்கும். நகத்தோட."

"அடக் கடவுளே. இறக்கையும் இல்ல, தொடையும் இல்ல" என்றார் மாமியார். "ரெண்டுங்கெட்டான்னு சொல்லுங்க."

மனைவி மாப்பிள்ளையைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். பல் டாக்டர் சிரித்தால் வலிக்கப் போகிறது என்று அர்த்தம்.

அன்றுமுதல் அது மாப்பிள்ளையின் ஆராய்ச்சி மட்டுமல்ல, வீட்டு வழக்கும் ஆனது. நகம் முளைத்தால் மாப்பிள்ளை பக்கம் தீர்ப்பு. இறக்கை முளைத்தால் நாற்காலியின் உறை கழன்றது.

*

இயக்குநருக்கு நிலையத்தில் 'அடுத்ததென்ன' என்று பெயர். யார் எதைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனாலும் "சரி, அடுத்ததென்ன?" என்பார். இரண்டு வருடம் உழைத்துக் கொண்டுபோன ஒன்றை அவர் முன் வைத்தால், அது நேற்றைய பேப்பராகிவிடும்.

அவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஆய்வுக் குழு வருது. படம், வரைபடம் எல்லாம் பாத்துப் பாத்து அவங்களுக்குக் கண்ணு பூத்துப் போச்சு. நகத்தக் காட்டுங்க மாப்பிள்ளை. கண்ணால பாக்கற மாதிரி ஒரு நகம். காட்டினா திட்டம் தொடரும், குடியிருப்புல உங்களுக்கு வீடும் உண்டு. காட்டலன்னா உங்க அறைய ஈக்காரருக்குக் கொடுக்கறதத் தவிர எனக்கு வேற வழியில்ல. பாவம், அவருக்கு ஈ பெருகிகிட்டே போகுது."

ஈக்காரர், ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்பவர். மாப்பிள்ளைக்கு முன்னால் வீடு வாங்கியவரும் அவர்தான்.

மாப்பிள்ளை வேலையில் இறங்கினார். முட்டையைப் படுக்க வைத்து, ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்து, மேலே ஓட்டைக் கத்தரித்து ஒரு சன்னல் திறக்க வேண்டும். உள்ளே மஞ்சள் கருவின்மேல், காற்புள்ளியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கரு மிதக்கும். அதன் இதயம் துடிப்பது தெரியும். காலும் இறக்கையும் அப்போது வெறும் மொட்டுகள். ஒன்றை ஒன்று வேறுபடுத்தவே முடியாது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் 'நான் கால்' என்பதும் 'நான் இறக்கை' என்பதும் உள்ளே முடிவாகியிருக்கும். மைக்ராஸ்கோப்புக்கு அடியில், நுனி தீட்டிய ஊசியால் தொடை வரப்போகும் இடத்தில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, இன்னொரு முட்டையில் இறக்கை மொட்டின் விளிம்புக்கு அடியில் செருக வேண்டும். மூச்சு விட்டால் துணுக்கு பறந்துவிடும். பிறகு சன்னலை டேப் போட்டு ஒட்டி இன்குபேட்டரில் வைக்க வேண்டும்.

வைத்தபின் அந்த முட்டையை அசைக்கக்கூடாது. சன்னல் எப்போதும் மேல்நோக்கியே இருக்க வேண்டும். கவிழ்த்தால் டேப் வழியாக உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். உலகத்தில் எல்லா முட்டைகளையும் திருப்ப வேண்டும், இந்த முட்டைகளை மட்டும் திருப்பக்கூடாது.

ஒரு தட்டு நிறைய முட்டைகளை மாப்பிள்ளை இப்படித் தயார் செய்தார். கடைசி முட்டையின்போது கை தவறிவிட்டது. டேப் கோணலாக ஒட்டியது. வெள்ளைக்கரு கசிந்து தட்டில் வழிந்தது. "அத எறிஞ்சுடு மாப்ள, ஏற்கெனவே செத்தாச்சு" என்றாள் மீன்காரி. எறிய மனமில்லாமல் அதையும் ஓரமாக வைத்தார்.

நாள்கள் போயின. தட்டில் பெரும்பாலானவை உயிரோடு இருந்தன. டேப் வழியாகப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஏதோ அசைவது தெரிந்தது. நகமா இறக்கையா என்று மட்டும் தெரியவில்லை. திறந்து பார்த்தால் குழுவுக்குக் காட்ட இருக்காது. முட்டைக்குள் நகம் வளர்ந்ததோ இல்லையோ, கடித்துக் கடித்து மாப்பிள்ளையின் கையில் நகம் ஒன்றும் மிச்சமில்லை.

*

குழு வருவதற்கு முந்தைய நாள், மச்சானின் வண்டி பழுதாகிவிட்டது. முட்டைகளைத் தானே கொண்டுபோகிறேன் என்று மாமனார் கிளம்பினார். மூன்று வருடத்தில் முதல்முறையாக நிலையத்துக்குள் காலடி வைத்தார். சாயம் பூசிய தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

மாப்பிள்ளை இன்குபேட்டர் அறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மீன்காரி எட்டிப் பார்த்தாள்.

"மாப்ள, அடுத்ததென்ன கூப்பிடறாரு. நாளைக்கி என்ன பேசணும்னு ஒத்திகையாம்."

"மாமா, இங்கயே இருங்க. இதோ வந்துடறேன்."

ஒத்திகையில் இயக்குநர், குழு கேட்கக்கூடிய கேள்விகளைத் தானே கேட்டு, தானே பதிலும் சொல்லி, தானே திருப்தியும் அடைந்தார். மாப்பிள்ளை திரும்பி வந்தபோது மாமனார் முகத்தில் ஒரு நாள் வேலையை நன்றாக முடித்த நிறைவு இருந்தது.

"என்ன மாப்ள இப்படிப் பண்றீங்க? பெரிய படிப்பு படிச்சவங்க! எத்தன நாளா ஒரே பக்கமாக் கெடக்குது? டேப் எல்லாம் மேலயே இருக்கு, ஒண்ணுகூடத் திருப்பல. பாத்த எனக்கு வயிறு எரிஞ்சுருச்சு. நல்ல வேளை நான் வந்தேன்."

மாப்பிள்ளையின் கை இன்குபேட்டர் கதவுக்குப் போனது.

"திருப்பி... திருப்பிட்டீங்களா?"

"எல்லாத்தையும். ஒண்ணு மட்டும் தட்டோட ஒட்டிக்கிச்சு மாப்ள, நகரவே மாட்டேங்குது. இழுத்தா ஒடஞ்சிரும்னு விட்டுட்டேன். அது ஒண்ணுதான் கொறை. கோவிச்சுக்காதீங்க."

"கதவுல 'முட்டைகளைத் தொடாதீர்கள்'னு எழுதியிருக்கே மாமா."

"பாத்தனே. வெவரம் தெரியாதவங்க தொடக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க. நல்லதுதான்."

மாப்பிள்ளை இன்குபேட்டரைத் திறந்தார். தட்டெல்லாம் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.

"டேப் தரமில்ல மாப்ள" என்றார் மாமனார் பின்னாலிருந்து. "நல்ல கம்பெனி டேப்பா வாங்கச் சொல்லுங்க."

மீன்காரியும் மாப்பிள்ளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் போயிற்று. இருந்தது ஒன்றே ஒன்று. கை தவறிக் கோணலாக ஒட்டி, கசிந்த வெள்ளைக்கரு காய்ந்து பசையாகி, தட்டோடு இறுகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஓரத்து முட்டை. மாப்பிள்ளை ஒழுங்காகச் செய்தவை எல்லாம் செத்துப்போயின. ஒழுங்கில்லாமல் செய்த ஒன்று பிழைத்திருந்தது. விடாமுயற்சியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

"துணுக்கு ஒழுங்காச் சேர்ந்திருக்குமா?" என்று கேட்டாள் மீன்காரி.

"அந்த முட்டையில எனக்கு எதுவும் ஒழுங்கா நடந்த ஞாபகம் இல்ல."

*

அன்று சாப்பாட்டு மேஜையில் யாரும் பேசவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாமியார், உட்காரும்போதே முன்னெச்சரிக்கையாக ஒருமுறை இருமியிருந்தார். அந்த இருமலை மீறி அந்த வீட்டில் எவரும் பேசியது கிடையாது.

மாப்பிள்ளை பேசினார்.

"தெரியாமத்தான் திருப்பினீங்களா மாமா?"

மாமியார் இருமினார்.

"இல்ல, நாற்காலி உறையக் கழட்டணும்னு திருப்பினீங்களா?"

மாமியார் இரண்டுமுறை இருமினார். பயனில்லை. மூன்று வருடமாக அணைந்து கிடந்தது எரிய ஆரம்பித்துவிட்டது. மச்சான் வாயில் வைத்ததை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்த நாள்லேர்ந்து அந்த நாற்காலி என்னையத் தொரத்துது. நகம் மொளைக்கலன்னா நான் உங்க பக்கம் வந்துடுவேன்னு உங்களுக்குத் தெரியும். கூடப் படிச்சவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க. நான் மட்டும் இந்த ஊர்ல எல்லாருக்கும் மாப்பிள்ளை. காவலாளிக்கும் மாப்பிள்ளை!"

மாமனார் சாப்பிடுவதை நிறுத்தினார். 

"நாற்காலி வேணும்தான் மாப்ள. இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கே வந்து உக்காந்தா ஊருக்கே இனிப்பு குடுப்பேன். ஆனா உசுரோட இருக்கற முட்டையக் கொன்னு அதுல ஒருத்தர உக்கார வைக்க மாட்டேன். என் சோறு அதுலதான் வருது."

அவர் எழுந்து கை கழுவப் போனார். போகிற வழியில் சமையலறை அலமாரியில் இருந்த முட்டைகளைத் தொடாமல் போனார். அதைப் பார்த்ததும் மாமியாருக்கே பயம் வந்துவிட்டது.

படுக்கையறையில் மனைவி சொன்னாள்:

"சதி பண்ணணும்னா மொதல்ல யோசிக்கணுங்க. அப்பா முட்டையப் பாத்தா யோசிக்கற ஆளா? ஓட்டல்ல அந்த ஆளோட தட்டுல கை வச்சாரே, அவர்கிட்ட என்ன சதி?"

அவள் சொன்னது நியாயம்தான் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்தது. ஆனால் கோபத்தை உடனே இறக்கி வைத்தால் அடுத்த முறை எடுக்க முடியாதே என்று கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

*

ஆய்வுக் குழுவில் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அதில் பேசியது ஒருவர்தான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் எதிரில் இருப்பவரை நடுங்க வைக்கும் ஒரு பெண்மணி. மற்றவர்கள் அவர் தலையாட்டியபோது தலையாட்டுவதற்காக வந்திருந்தார்கள்.

முட்டை தந்து உதவுகிறவர் என்று மாமனாரையும் இயக்குநர் அழைத்திருந்தார். அந்த அழைப்பு அசம்பாவிதத்துக்கு முன்பே போய்விட்டது. திரும்பப் பெறுவது மரியாதையல்ல. மாமனார் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஒன்றையும் தொட மாட்டேன் என்பதற்கு அது உத்தரவாதம்.

"மிச்ச முட்டையெல்லாம் எங்கன்னு கேட்டா, மின்தடைன்னு சொல்லிடுங்க" என்று இயக்குநர் மாப்பிள்ளையின் காதில் ஊதியிருந்தார்.

மாப்பிள்ளை அந்த ஒற்றை முட்டையைத் தட்டோடு மேஜையில் வைத்தார். டேப்பை உரித்து, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார். கருவை மெதுவாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினார். படம் சுவரில் பெரிதாக விழுந்தது.

இடது இறக்கை, இறக்கையாக இருந்தது. மாப்பிள்ளை ஊசியால் வலது இறக்கையை விரித்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மடங்கிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் விரித்தார். நுனியில் குட்டி விரல்கள் இரண்டு நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் வளைந்த நகம். இறக்கையில் எந்தக் கோழிக்கும் இருக்க முடியாத, சந்தேகத்துக்கு இடமில்லாத, மண்ணைக் கிளறப் பிறந்த கால் நகம்.

 பிறகு ஒரு குரல் கேட்டது. மாமனாருடையது.

"ஐயய்யோ! இது எங்க ஹேட்சரி முட்டைன்னு வெளிய சொல்லிறாதீங்க. யாவாரமே படுத்துரும்!"

மூக்குக் கண்ணாடிப் பெண்மணி சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரையும் கிண்ணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கழற்றினார்.

"ஒண்ணே ஒண்ணுதானா? மத்ததெல்லாம்?"

மாப்பிள்ளை இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேற்கூரையில் இருந்த மின்விளக்கைப் பார்த்தார். நல்ல குறிப்பு.

"மின்சாரம்..." என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

"மின்சாரமெல்லாம் போகலம்மா" என்றார் மாமனார். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. "நேத்து இவரு இல்லாத நேரத்துல நான்தான் எல்லாத்தையும் திருப்பிப் போட்டேன். முட்டைன்னா திருப்பணும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். இவரு தொடாதீங்கன்னு எழுதி வச்சிருந்தாரு. அது என் மரமண்டையில ஏறல. நல்ல முட்டையெல்லாம் என் கையால போச்சு. இவரு மேல தப்பு இல்ல. இருந்த ஒண்ணும் நான் திருப்ப முடியாததாலதான் இருக்கு."

இயக்குநர் கண்களை மூடிக்கொண்டார்.

பெண்மணி மாமனாரை மேலும் கீழும் பார்த்தார். முதல்முறையாக அவர் உதட்டோரம் அசைந்தது.

"மின்தடைன்னு சொல்லியிருந்தா, இந்த எடம் கரு ஆராய்ச்சிக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். கதவுக்குப் பூட்டு இல்லங்கறது வேற விஷயம். பூட்டு வாங்கிடலாம்." அவர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "ஒரு முட்டைய வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அத மொதல்லயே சொல்லிடறேன். ஆனா இத ஒரு தடவ பாத்துட்டு மூடிட்டுப் போகவும் முடியாது. மறுபடியும் பண்ணுங்க. நெறையப் பண்ணுங்க. கால் ஜீன் ஏன் அணையலங்கறதையும் கண்டுபிடிங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"சரி மாப்பிள்ளை" என்றார் இயக்குநர், உயிர் வந்தவராக. "அடுத்ததென்ன?"

வெளியே வராந்தாவில் மாமனாரும் மாப்பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். படிக்கட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"மாமா, நேத்து நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"விடுங்க மாப்ள. உங்க அத்தையே இருமி அடக்க முடியாத ஒண்ண நீங்க பேசினீங்க. அதுக்கே உங்களுக்கு ஒரு பட்டம் குடுக்கணும்." ஒரு படி இறங்கியபின் நின்றார். "அப்ப அது இறக்கையா மாறவே மாறாது?"

"மாறாது மாமா."

"ம்." அவர் நீண்ட மூச்சு விட்டார். "உறையக் கழட்டி அந்த நாற்காலிய என் பயலுக்குப் போட்டுறேன். அவன் அதுல சுத்திகிட்டே இருப்பான். வேற வேல செய்ய மாட்டான்."

*

குடியிருப்பில் வீடு கிடைத்தது. சின்ன வீடுதான். சமையலறை சன்னலைத் திறந்தால் ஈக்காரரின் வீட்டுச் சமையலறை தெரியும். அவருடைய ஆராய்ச்சி அங்கேயும் தொடர்கிறதோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஈ. ஆனால் யாரும் இருமாத வீடு. உறை போட்ட நாற்காலி இல்லாத வீடு. மனைவியின் பல் மருத்துவமனை பெற்றோர் வீட்டு முன்னறையில் இருந்ததால் தினமும் அங்கே போய்விட்டு வருவாள். வரும்போது அம்மா கொடுத்தனுப்பிய செய்திகளும், அப்பா கொடுத்தனுப்பிய முட்டைகளும் வரும்.

மாப்பிள்ளை சுதந்திரமாக உணர்ந்தார். தன்னைப் போல ஒருவன் மூன்று வருடம் பிறர் வீட்டில் இருந்தும் துளிகூட மாறாமல் வெளியே வந்தது அறிவியலுக்கே ஒரு சான்று என்று மனைவியிடம் சொன்னார். பலமுறை சொன்னார். சொல்லும்போதெல்லாம் அவள் அந்தப் பல் டாக்டர் சிரிப்பைச் சிரித்தாள்.

ஒருநாள் காலையில் அவள் ஆம்லெட் போட ஃபிரிட்ஜைத் திறந்தாள். கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க."

மாப்பிள்ளை பல் தேய்த்தபடியே வந்தார்.

"அப்பா இங்க வந்தாரா?"

"இல்லையே. ஏன்?"

"நேத்து கடையில வாங்கின முட்டை இது. ஒவ்வொண்ணுலயும் முத்திரை மேல தெரியற மாதிரி நான்தான் அடுக்கி வச்சேன். இப்ப ஒண்ணுலகூடத் தெரியல."

மாப்பிள்ளை முட்டைகளைப் பார்த்தார். வரிசையாக, ஒழுங்காக, ஒன்று பாக்கியில்லாமல் எல்லாம் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தன. விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தது நினைவுக்கு வந்தது. தண்ணீர் குடித்ததும் நினைவுக்கு வந்தது. நடுவில் கை என்ன செய்தது என்பது நினைவில் இல்லை.

அவர் தன் வலது கையை உயர்த்தி, விரல்களை விரித்து, அந்த வலது இறக்கையைப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தார்.

"அம்மா அன்னிக்கே சொன்னாங்க" என்றாள் மனைவி, ஒரு முட்டையை எடுத்து வாணலியின் விளிம்பில் தட்டியபடி. "ரெண்டுங்கெட்டான்னு."